ஜெசிந்தா அக்காவின் சத்தம் போடாத பெட்டி

டிக்... டிக்... கிர்ர்ர்... டிக்.

போனைக் காதில் வைத்தால் "ஹலோ" இல்லை, இந்தச் சத்தம் மட்டுந்தான். யாரோ கொம்பியூட்டர்ப் பெட்டிக்குக் கிட்டப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் தொழிலில் நோயாளியின் முகத்தைப் பார்க்க முன்னம் குரலைத்தான் கேட்போம்.

இரவில் நான் ஐஸ் பக்டரியில் மோட்டர்களுக்குக் காவல். விடிந்த பிறகும் நித்திரை வராத குற்றத்துக்காக வீடு வீடாய்ப் போய்க் கொம்பியூட்டர் திருத்துகிறேன். இரண்டையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கிப் படித்ததுதான். வீட்டில் ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, அதற்கு மலிவாய் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் என்ன என்று யோசிக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டுச் சுற்றும். எஸ்.எஸ்.டி.க்குள் எதுவும் சுற்றாது. வேகமும் அதனால்தான், மௌனமும் அதனால்தான்.

ஐசில் வைத்தால் என்ன?

போனைப் பிடித்தவர் குருநகர் ஜெசிந்தா அக்கா. வீட்டிலிருந்து கல்வெட்டு அடிப்பவர். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அக்கா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் சைவக்காரர் வீட்டுக் கல்வெட்டில் எந்தத் தேவாரம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார்.

வேலை முடிந்து நேரே அங்கே போனேன். குசினியில் பாதி செதில் உரசிய மீன் சட்டிக்குள் கிடந்தது. சட்டிக்குப் பூனை காவல். முன்னறையில் பெட்டி டிக் டிக் என்றது. பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். தட்ட வேண்டாம் என்றேன். டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கிறது, அது நிற்கமுதல் உள்ளே கிடப்பதை எடுத்து ஒரு எஸ்.எஸ்.டி.யில் போடவேண்டும் என்றும் சொன்னேன். அக்காவிடம் அதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருந்தது.

"தம்பி, நீர் ஐஸ் பக்டரியிலைதானே நிக்கிறனீர், ஒரு கட்டிக்கு மேலை வைச்சுப் பாருமன். பாரை மீனே ரெண்டு நாள் பழுதாகாமல் கிடக்குது, உது கிடவாதே?"

சண்டையின் ஒரே பிரதி

ஐசில் வைத்தால் ஈரம் உள்ளே போய் அன்றைக்கே அடக்கம் என்று விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகுதான் அக்காவின் முகம் மாறியது. உள்ளே ஒரு கல்வெட்டுக் கிடந்தது. பின்னேரம் அச்சகத்துக்குப் போகாவிட்டால் அந்தியேட்டிக்கு வராது.

நாற்பது பக்கம். ஆனால் அக்காவின் பயம் பக்கங்களைப் பற்றியதல்ல. செத்தவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். நன்றியுரைக்குக் கீழே யாருடைய பெயர் முதலில், வெளிநாட்டு மருமகன் மேலேயா கீழேயா, செத்தவரோடு கதைபேச்சு இல்லாத தங்கச்சியின் பெயரைப் போடுவதா விடுவதா என்று மூன்று கிழமையாய் இழுபறி. முதல் நாள் இரவுதான் நாலு பேர் அக்காவின் வீட்டுக்கு வந்து, கனடாவிலிருக்கும் ஐந்தாமவர் வீடியோவில் வந்து குந்தியிருக்க, திரையிலேயே திருத்தி எல்லோரும் ஒத்துக்கொண்டு "ஓம்" என்றிருக்கிறார்கள். அந்த "ஓம்" இந்த டிஸ்க்கில் மட்டுந்தான் இருந்தது. கடதாசியில் இல்லை.

"பக்கம் போனாப் பரவாயில்லைத் தம்பி, திரும்ப அடிப்பன். உந்தச் சண்டையைத் திரும்ப ஆர் பிடிக்கிறது?"

தராசில் வைத்தது

டிஸ்க்கைக் கழற்றி, வயரால் என் மடிக்கணினியில் கொழுவி, கல்வெட்டை முதலில் எடுக்கத் தொடங்கினேன். எவ்வளவு வந்தது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு நத்தையாய் நகர்ந்தது. தட்டினால் ஓடும் என்ற நம்பிக்கையில் அக்காவின் கை திரும்பவும் கிட்ட வந்தது. சாகப்போகிற டிஸ்க்கை அசைக்கக்கூடாது. அந்தக் கையைத் தூரத்தில் வைத்திருக்கத்தான் கதை சொல்லத் தொடங்கினேன். "எஸ்.எஸ்.டி. எண்டா ஆகக் குறைஞ்ச விலைக்கு வாங்குவம், என்ன?" என்று அவரும் அடி எடுத்துத் தந்தார்.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவர் சிவநேசன் அண்ணை. கடையில் மூன்று வருட உத்தரவாதத்தோடு சின்னதாய் ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்து, "நெருப்புப்பெட்டிப் பாரம் இல்லையே" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு எனக்குச் சொல்லாமல், இணையத்தில் அதைவிட மலிவாய், அதைவிட எட்டு மடங்கு கொள்ளும் என்று போட்டிருந்த ஒன்றை வரவழைத்தார். வாழைக்குலை நிறுக்கும் தராசு இருக்கிற வீடு. இரண்டையும் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். அவருடையதுதான் பாரம்.

கொஞ்ச நாளில், போட்டு வைத்த படங்கள் ஒன்றும் திறபடவில்லை. அவருக்கு முன்னாலேயே கழற்றினேன். உள்ளே போனுக்குப் போடும் நகமளவு மெமரி கார்ட் ஒன்று. பாரத்துக்குப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று. அண்ணை அந்த இரும்பை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நாங்கள் குலைக்குள்ளை கல்லு வைச்சு விக்கிறேல்லையே, தம்பி!"

கனடாக் குச்சி

அக்கா சிரித்தார், கை மடிக்கு வந்தது. கோடு பாதியைத் தாண்டியது. "அப்ப வெளிநாட்டிலையிருந்து எடுப்பிச்சா நல்லதோ?" என்று கேட்டார்.

தெல்லிப்பழையில் ஒரு தங்கச்சிக்குக் கனடாத் தமையன் அனுப்பியது நல்ல சாமான்தான். ஆனால் சூயிங்கம் போல மெல்லிய குச்சி. அவளுடைய பெட்டியில் அதைச் செருக ஓட்டையே இல்லை. இடையில் ஒரு அட்டை போட்டுச் செருகலாம், ஆனாலும் அந்தக் காலத்துப் பெட்டி அதிலிருந்து தொடங்காது. வாங்கமுதல் பெட்டியைத் திறந்து எது பொருந்தும் என்று பார்க்கவேண்டும் என்பது இதற்குத்தான். சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, குச்சியை அது வந்த உறைக்குள் திரும்ப வைத்தேன். தங்கச்சி விடவில்லை. திருவிழாவுக்குத் தமையன் வருவார், வந்ததும் அதைத்தான் கேட்பார் என்றாள். கடைசியில் குச்சியைப் பொலித்தீனில் சுற்றி, பெட்டிக்குள் ஒரு மூலையில் டேப்பால் ஒட்டிவிட்டேன். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

"உள்ளுக்கை கிடக்குதெண்டா நான் பொய் சொன்னதாகாதுதானே, அண்ணை?"

பூப்பிடுங்கும் நேரம்

அந்த நேரம் பார்த்துப் பச்சைக் கோடு நின்றது. கிர்ர்ர். டிக். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் செய்ய ஒன்றும் இல்லை. ஐஸ் பக்டரியிலும் இப்படித்தான். மோட்டரின் சத்தம் மாறினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அது திரும்பத் தன் சத்தத்துக்கு வரும்வரை. வாய் சும்மா இருந்தால் மனம் போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் போகும். அதனால் இன்னொரு கதை சொன்னேன்.

இணுவிலில் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர். காலையில் கொம்பியூட்டரைப் போட்டுவிட்டு வளவுக்குள் இறங்கி, செவ்வரத்தை, நந்தியாவட்டை, பவளமல்லிகை எல்லாம் பிடுங்கி, சாமிக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வர, பெட்டி அப்போதுதான் கண் முழிக்குமாம். மகள் சொன்னதால் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டேன். அடுத்த நாளே போன் வந்தது. ஏதோ பழுதாக்கும் என்று பதறி ஓடினேன். பெட்டி நன்றாய் இருந்தது. மாஸ்டர்தான் பூத்தட்டோடு முற்றத்தில் நின்றார்.

"கொஞ்சம் மெதுவாப் போகப் பண்ணேலாதோ, தம்பி? அது எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது மரியாதையாய் இல்லை."

சத்தமில்லை

அக்கா விழுந்து விழுந்து சிரித்தபோது கோடு நகர்ந்தது. கல்வெட்டு முழுதாய் வந்தது. எழுத்துருக்கள் வந்தன. பழைய கல்யாணக் கார்ட்டுகளில் பாதி வந்தன. மற்றப் பாதி வரமுதல் டிஸ்க் நீளமாய் ஒரு கிர்ர் என்றுவிட்டு ஓய்ந்தது. "கல்யாணம் கட்டினவை இனி வந்து கேக்கமாட்டினம்" என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டார். கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனோம். ஐந்து பேரும், மருமகனும், கதைபேச்சு இல்லாத தங்கச்சியும், ஒத்துக்கொண்ட ஒழுங்கில் அப்படியே நின்றார்கள். அக்கா விரல் வைத்து ஒவ்வொரு பெயராய் வாசித்தார்.

பையில் வைத்திருந்த எஸ்.எஸ்.டி.யை அவருடைய பெட்டியில் பூட்டினேன். பெரிதல்ல, வீட்டுப் பாவனைக்கு இருநூற்றைம்பத்தாறு ஜீ.பீ. போதும். உத்தரவாதம் உண்டு, பிழைத்தால் கொண்டுபோய்க் கொடுக்கக் கடை உண்டு. அக்கா நினைத்திருந்த விலையை விடக் கொஞ்சம் கூட, பயந்திருந்த விலையை விடக் குறைவு. எல்லாம் ஏற்றி முடித்து, "இப்பப் போடுங்கோ அக்கா" என்றேன்.

போட்டார். சத்தமே இல்லை. குனிந்து பெட்டியில் காதை வைத்தார். அதற்கும் ஒன்றுமில்லை. கை தன்பாட்டில் தட்டுவதற்கு உயர்ந்தது. அதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. உயர்த்திய கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் சலனமில்லாமல் ஆரும் கிடந்தா, 'கல்வெட்டுக்கு நல்ல படமா ஒண்டு தாங்கோ' எண்டு கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், தம்பி."

கோப்பு அச்சகத்துக்குப் போனதும் அக்கா பூனையைக் கலைத்துவிட்டு, பாதியில் விட்ட மீனை எடுத்துச் செதில் உரசத் தொடங்கினார். நானும் திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைப் பூட்டினேன், சத்தம் போடுதென்று கூப்பிட்டவர்கள் இனிச் சத்தம் போடவில்லையென்று கூப்பிடுவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்.