ரிதத்தை நிறுத்திய கை

ஒரு சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் ஓர் இசைக்கருவிக் கடையில், எங்கள் பாஸ்டரம்மா கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். கீபோர்டின் இடது ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த ரிதம் பொத்தான் அது. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்ததால் நேரம் மனதில் தங்கிவிட்டது. அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அவற்றில் ஒன்றில் நான் தரப் பரிசோதனையில் இருந்தேன். மண்ணூரில் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவள் கீபோர்டு வாசிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. கடையிலேயே விலை கூடியதை எடுத்துவிடுவது என்று போயிருந்தேன். அதில் இடது கையின் ஒரு விரலை வைத்தால் போதும். தாளம், கிட்டார், வயலின் எல்லாம் தானாகக் கிளம்பும். மகள் வலது கையால் ஒரு கீர்த்தனையைத் தொடங்கியதும் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "பாப்பா கைல இன்னா வித்த கீது சார்," என்றார் கடைக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாஸ்டரம்மா எங்கள் போதகரின் மனைவி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். மகளுக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்தவர். சபையில் யாரும் அவரிடம் எளிதில் அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள். கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம். நான் கேட்டு அழைத்துப் போயிருந்தேன். ரிதத்தை நிறுத்திவிட்டு மகளிடம், "இப்ப ரெண்டு கையும் வச்சு வாசி, மக்களே," என்றார்.

மகள் வாசித்தாள். மெட்டு தனியாக, நொண்டிக்கொண்டு வந்தது. இடது கை எங்கே போவதென்று தெரியாமல் கட்டைகளின் மேல் நின்றது. பாதியில் விட்டுவிட்டாள்.

"இதுவரைக்கும் மெஷினுல்லா வாசிச்சுது, பிரதர். இவளுக்கு எடது கை வரல. இத வாங்கினா வரவும் செய்யாது."

குரலில் கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. நான் திரும்புவதற்குள் மகள் கடையை விட்டு இறங்கிப் போயிருந்தாள்.

பேருந்து நிலையத்தில் அவள் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன், அங்கும் வரவில்லை. நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. தண்டலம் வரை ஸ்கூட்டரில் போய்த் திரும்பினேன். சாலையோரம் நடந்த பெண்பிள்ளைகள் எல்லோருமே தூரத்தில் அவளைப்போல இருந்தார்கள். நிலையத்துக்கு மீண்டும் வந்தபோது பாஸ்டரம்மா ஒவ்வொரு பேருந்தாக ஏறி விசாரித்துக்கொண்டிருந்தார். கடையில் அத்தனை பேர் நடுவில் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

"வாங்குன பொறவு தனியா சொல்லி என்ன பிரயோஜனம், பிரதர்? ஆர்மோனியத்துல எடது கை காத்துதான் அடிக்கும். அதுக்கு மேல நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. கொற எங்கிட்டதான் தொடங்குச்சு."

குறை சொல்வதுதான் எனக்கும் சம்பளம் வாங்கும் வேலை. அளவு தவறிய பாகத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளி வைப்பேன்; செய்தவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இவரோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அந்த முகத்தைத் தேடிக்கொண்டும் நின்றார். பாராட்டியவர்கள் எப்போதோ கலைந்து போயிருந்தார்கள்.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தால் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாசிக்கிறாள். அங்கிருக்கும் கீபோர்டில் ரிதம் பொத்தான் கிடையாது. கேட்டுக்கொண்டே இருப்பேன், சாலையில் லாரி ஹாரன் அடித்தால் மட்டும், அவள் கண்ணெதிரே இருக்கும்போதே, எழுந்து போய் வாசலில் அவள் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்று இருட்டிய பிறகு அந்த வாசலில்தான் நானும் மனைவியும் பாஸ்டரம்மாவும் நின்றிருந்தோம். கடைக்காரரின் வண்டி வந்து நின்றது. பின்னால் மகள். கடைக்கு அவள் திரும்பிப் போகவே மாட்டாள் என்று நினைத்து, அந்த ஓர் இடத்தை மட்டும் நாங்கள் தேடாமல் விட்டிருந்தோம். கடைக்காரர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல வந்துச்சு சார். அப்பா வருவாருன்னு சொல்லிச்சு. அந்தப் பொத்தான தொடவே வுடல, எடது கைய வச்சிகினு கட சாத்தற வரிக்கும் ஒக்காந்துகினு இருந்துச்சு. அம்மா சொன்னது நெஜம் சார், அது உங்களுக்கு வேணாம். ரிதம் இல்லாததா ஒண்ணு கீது. திங்கக்கெழம வந்து பாருங்க."