நாற்பது பாக்கெட் பருப்பு

போன சனிக்கிழமை, இங்கே ஃபிஜியில், நவுசோரி சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தேன். அதே படம், அதே விலை. கை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பொடி எழுத்தைப் படித்தேன். இருபத்தைந்து கிராம் காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் காற்று இருந்தது. நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்த ஒரு பெண், எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்து, "அது பிஸ்கட்தான் அங்கிள்" என்று இந்தியில் சொல்லி உதவினாள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்நியர்களிடம் அதிகம் பேசுகிறவன் இல்லை நான்.

உங்களிடம் சொல்லலாம். ஜாடி வாங்கினால் அடியை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே குழிந்திருந்தால் அந்தக் குழிக்கும் சேர்த்துத்தான் காசு. 'புதிய பாக்கெட்' என்று எழுதியிருந்தால், பழைய பாக்கெட்டில் இருந்த ஏதோ ஒன்று இதில் இல்லை என்று பொருள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஒரு காலத்தில் நானே செய்த வேலை.

வீட்டில் மனைவி மீதி பிஸ்கட்டை வைத்து, பாக்கெட்டின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினாள். பிளாஸ்டிக் கருகும் அந்த வாசனை வந்ததும் நான் சின்ன வயதில் வேலை பார்த்த கோவிந்தன் மாமா கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டேன். மாமா எனக்கு உறவில்லை. ஊருக்கே மாமா. மூட்டையில் வரும் பட்டாணிப் பருப்பை நான் பைகளில் நிறுத்துப் போடுவேன். பையின் வாயை ரம்பத் தகட்டில் மடித்து, ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடத்தில் தராசு தேவைப்படவில்லை. ஒரு கிலோ வந்ததும் கை தானாக நின்றுவிடும். பையில் எதுவும் எழுதியிருக்காது. 'பெரிய பாக்கெட்' என்றால் ஊருக்குப் புரியும்.

எங்கள் கடைக்கு வந்தவர்களில் கெட்டிக்காரி ராமாயி அக்காதான். மீன் டின்னைக் காதோரம் வைத்து ஆட்டுவார். சோப்பை முகர்வார். வெங்காயத்தை ஒவ்வொன்றாக அமுக்குவார். பருப்பை மட்டும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொள்வார். மாமா ஒருநாள் ஏனென்று கேட்டதற்கு, "தம்பி கட்டினதுதானே. அதுக்கு எதுக்குத் தராசு?" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

பிறகு, தலைநகர் சுவாவில் சிலர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்து வைத்த வருடம் வந்தது. அங்கே இந்தியர் கடைகள் எரிந்தன. எங்கள் கடை எரியவில்லை. கதவைப் பாதி இறக்கி வைத்து வியாபாரம் செய்தோம். அரிசி கேட்டு வந்தவர்களைவிடக் காலி அட்டைப்பெட்டி கேட்டு வந்தவர்கள் அதிகம். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று பெட்டியில் எழுத பேனாவும் எங்களிடமே வாங்கினார்கள். மாமாவும் கனடாவுக்கு மனுப் போட்டிருந்தார்.

ஒருநாள் பின்கட்டுக்கு வந்து, "இனிமே ரெண்டு கை கம்மியாப் போடு. பைய மாத்தாத" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வெலய ஏத்தினா ஆளு பேசும். பருப்ப எறக்கினா பருப்பு பேசுமா?" பையில் எதுவும் எழுதாததால் பொய்யும் இல்லை என்றார். நான் சரி என்றேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான் என்னிடம் இருந்தது.

நான் மறந்துவிட்டது கோயிலை. ஆற்றங்கரைக் கோயிலில் தீமிதி முடிந்ததும் சாப்பாடு போடுவோம். பருப்பு மாமாவின் உபயம், நாற்பது பாக்கெட். சமையல் ராமாயி அக்கா. அங்கே யாரும் கிலோக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு அண்டா, அண்டாவுக்கு இருபது பாக்கெட், எட்டுக் குடம் தண்ணீர். அவ்வளவுதான் கணக்கு. பருப்பு நீர்த்துப்போகும், கடைசிப் பந்திக்கு எட்டாது, அக்கா எல்லார் முன்னாலும் தலைகுனிவார், பிறகு என்னைப் பார்ப்பார் என்று பயந்தேன். நான் அந்த வருடம் காப்புக் கட்டித் தீ மிதிப்பதாக இருந்தேன். சளி என்று சொல்லிவிட்டேன். இரண்டு கைப்பிடிப் பருப்பை வைத்துக்கொண்டு நெருப்பில் கால் வைக்கும் தைரியம் எனக்கில்லை.

அன்று காலை அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"அக்கா, எட்டுப் பாக்கெட்டு கூடப் போடலாமா? நான் வாங்கித் தரேன்."

"எதுக்குடா?"

"கூட்டம் கூட வரும்."

"இந்த வருசமா? கூட்டமெல்லாம் ஏர்போர்ட்டுல நிக்குது. போய் வெறகு எடுத்தா."

எடுத்து வந்தேன். பந்தி நடந்தபோது ஒவ்வொரு கரண்டியையும் எண்ணினேன். பருப்பு நீர்க்கவில்லை. கெட்டியாகவே விழுந்தது. கடைசிப் பந்தியில் பாதி இலைக்கு ஆளில்லை. முதல் அண்டா தீர்ந்தது. இரண்டாவதில் யாரும் கரண்டி போடவே இல்லை.

அக்கா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் போனேன். திரும்பாமலே பேசினார்.

"மொதல் பாக்கெட்டத் தூக்கினப்பவே கை சொல்லிச்சு, நீ கொறச்சிருக்கேன்னு. அதான் தண்ணி ஒரு கொடம் கொறச்சேன்." விளிம்பில் ஒட்டியிருந்த பருப்பை விரலால் வழித்தார். "ஆளு இவ்ளோ கொறையும்னு கை சொல்லலடா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதிப் பருப்பை வாளிகளில் ஊற்றி, பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜியர் கிராமத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்தபோதெல்லாம் பருப்புப் பாக்கெட்டையும் தூக்கிப் பார்த்தார். நானே பழையபடி ஒரு கிலோ போட ஆரம்பித்திருந்தேன். மாமா கவனிக்கவில்லை, அவருக்குக் கனடா விசா வந்திருந்தது. ஆனால் அக்கா தூக்கிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் அக்கா மகனோடு சிட்னிக்குப் போனார். ஒருமுறை போன் செய்தார். "இங்க எல்லாத்துலயும் கிராம் எழுதியிருக்கான்டா. தூக்கிப் பாக்கவே வேணாம். கை சும்மாக் கெடக்கு" என்றார். நான் சரி என்றேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தீமிதி நடக்கிறது. எனக்கு வருடா வருடம் சளி பிடிக்கிறது. பருப்பு இப்போது என் உபயம், பதினைந்து பாக்கெட். ஒரு கிலோ என்று அச்சடித்திருந்தாலும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு அண்டாவில் அடங்கிவிடுகிறது. இன்னொன்றைக் கோயில் பின்புறம் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அதன் சத்தம் வாசல் வரை கேட்கிறது.