கோயில் படிக்குக் கீழே மூன்றாவது வீடு

ஏலக்காய் தட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜப்பானிய ஊர்தான் மணக்கிறது. போடியில் அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கப் போன கிட்டங்கியின் சுவரில், வருஷம் முடிந்தும் கழற்றாத காலண்டரில் இருந்தது அந்த ஊர், ஒனோமிச்சி: மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஓட்டு வீடுகள், உச்சியில் கோயில், அடியில் தீவுகளுக்கு நடுவே ஆறுபோல ஒடுங்கிக் கிடக்கும் கடல், அதைக் கடக்க ஒரு சின்னப் படகு. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்கின்மேல் படுத்து, முறங்களில் காய் உருளும் தூறல் சத்தத்தில் கண் செருக, அந்தப் படகில்தான் நான் போய்வருவேன்.

கடலைப் பார்த்திராத, அம்மாவோடு காய் பிரித்த பெண்களுக்கு அது அணைத் தண்ணீர் இறங்கும் லோயர் கேம்ப் பக்கத்து வாய்க்கால். "எந்த மதகத் தெறந்து விட்டாகளோ, கரை முட்டப் போகுது" என்பார்கள். அந்தப் படத்தில் ஆளுக்கொரு வீடு பிடித்து வைத்திருந்தார்கள். வேலையை விட்டு நிற்பவள் தன் வீட்டைப் புதிதாக வருபவளுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கோயில் படிக்குக் கீழே மூன்றாவது வீடு அம்மாவுடையது. நின்றபோது அம்மா மட்டும் கொடுக்கவில்லை.

"எம் மகளுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்காகச் சிலர் வெகுநாள் பேசவில்லை.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நேற்று அந்த ஊரின் படத்தைப் போனில் தேடியெடுத்து அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் கோயிலிலிருந்து படிப்படியாக இறங்கி, மூன்றாவது வீட்டில் நின்றாள்.

"நம்ம வீட்டுல யாரோ துணி காயப்போட்டிருக்காக" என்றாள். பிறகு, "இருந்துட்டுப் போகட்டும்."