பெட்டிக்குள் பால்கோவா

டாக்டர் சொன்னாரே என்று நடைப்பயிற்சிக்குக் கிளம்பி, முதல் நாளே விழுந்து, அதே டாக்டரிடம் முழங்காலைக் காட்டியபோது, நர்ஸ் பிரித்த புதுப் பேண்டேஜ் துணியின் வாசம் என்னை ராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் பாய் விரித்து, பாட்டும் ஊர்க்கதையுமாக, ஆப்பிரிக்காவிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் சுருட்டுவார்கள். நிரம்பிய மரப்பெட்டியின் மூடியை அழுத்த மேலே ஏறி உட்காருவது குண்டுப் பிள்ளையான என் ஊழியம். என் உடம்பு கர்த்தருக்குப் பயன்பட்டது அதோடு சரி.

அந்த ஆஸ்பத்திரியில்தான் எங்கள் சபையின் ரோஸ் அக்கா நர்ஸ். அவள் அம்மா ஞானத்தாய் பெரியம்மா, ஒவ்வொரு பெட்டியிலும் துணிச் சுருள்களுக்கு நடுவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா ஒன்றைச் செருகிவிடுவாள்.

"கப்பல்ல போய்ச் சேர மூணு மாசம் ஆகும். கெட்டுப் போகாதா?" என்பார் போதகரம்மா.

"ஜெபம் பண்ணித்தான வைக்கேன், எப்படிக் கெடும்?"

ரோஸ் அக்கா விடுமுறைக்கு வந்த ஞாயிறு, பெரியம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "ஏட்டி, பால்கோவா எப்படி இருந்துச்சு?"

சுருட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பக் கிண்டின மாதிரி இருந்துச்சும்மா."

பெரியம்மா போதகரம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த ஞாயிறு வீட்டுக்கொரு பால்கோவா டப்பா கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. போதகரம்மா இரண்டு கொண்டுவந்தார். நான் ஏறி உட்கார்ந்தும் பெட்டி மூடவில்லை. ரோஸ் அக்காவும் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.