புளியங்கொட்டை வண்டி

எங்கள் காருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் புளியங்கொட்டை வண்டி. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம் அதன் முன்பக்கத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியார் அப்பாவிடம் விட்டுப்போன வண்டி அது. கணக்கு வாத்தியாருக்குக் கார் ஒரு கேடா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்கள்தான் கல்யாணம், ஞானஸ்நானம் என்று எதற்கும் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு ஏழு வயது. முடிச்சூர் ரோட்டில் வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. அம்மாவுக்கு நெஞ்சில் நோய் வந்து தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட இருக்க வந்த அத்தை, அப்பாவின் அக்கா, மத்தியானமே கஞ்சியை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நான்மட்டும்தான். கேட்டில் தொற்றிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ரயில்வே கேட் தாண்டும்போதே அது கேட்டுவிடும். கேட்டதும் பயம் போய்விடும்.

அப்பா வந்ததும் இறங்கமாட்டார். என்னை ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி வேலியோரம் போகிற ரோட்டுக்கு விடுவார். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், ஆரன் அடிக்கவும் கூடாது. ஆனால் எங்கள் வண்டிக்கு ஆரன் தேவைப்படவில்லை. சத்தம் கேட்டதும் அம்மா வார்டு வராந்தாவுக்கு வந்து முந்தானையை உயர்த்தி ஆட்டுவாள். முகம் சரியாகத் தெரியாத தூரம். நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. அதற்காகத்தான் நான் காலையில் எழுந்ததே.

சத்தத்துக்குக் காரணம் எஞ்சினுக்குள் இருக்கிற டைமிங் செயின் என்று எனக்கு அப்போதே தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் சொல்லியிருந்தார். செயின் கொஞ்சம் தளர்ந்து தகரத்தில் உரசுகிறது, சத்தம்தானே தவிர அறுந்து போகாது, தைரியமாக ஓட்டலாம் என்றார். அப்பாவும் மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் வேண்டாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு நாள் அம்மா வர நேரமாயிற்று. வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையை ஆட்டவில்லை, கையைமட்டும் லேசாகத் தூக்கினாள். மறுநாள் அப்பா என்னை விட்டுவிட்டுத் தனியாக உள்ளே போய்வந்தார். அதற்கும் மறுநாள் சனிக்கிழமை. ரயிலில் பட்டணத்துக்குப் போய், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். அதில் புதுச் செயின் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போகாத அப்பாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பனியனும் வேட்டியுமாக முற்றத்தில் உட்கார்ந்து, பாயிடம் இரவல் வாங்கிய ஸ்பேனர்களைப் பரப்பிவைத்துக்கொண்டு ரேடியேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். நான் அருகே போய், சத்தம் போய்விட்டால் அம்மாவுக்கு நாம் வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். செயின் அறுந்தால் வண்டியே நின்றுவிடும், அப்புறம் போகவே முடியாது என்றார். அறுந்து போகாது என்று பாய் சொன்னாரே என்றேன். அப்பா ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

சாக்பீஸ் பிடித்த கைக்கு அந்த வேலை வணங்கவில்லை. முன்பக்கத் தகரத்தைக் கழற்றியதும் உள்ளே பெரியதும் சிறியதுமாக இரண்டு பல்சக்கரங்கள், இரண்டையும் சுற்றிப் பழைய செயின். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தது. இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் நிற்கும்படி புதுச் செயினை மாட்டவேண்டும். மாட்டினார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஹேண்டில் போட்டுச் சுற்றினால் வண்டி இருமியது, டப்பென்று வெடித்தது, அப்புறம் மூச்சே விடவில்லை. தென்னையிலிருந்த காக்கைகள் கலைந்து போயின. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பழையதையே மாட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார். சக்கரங்களை உள்ளே தள்ளும்போது செயின் ஒரு பல் தாண்டி உட்கார்ந்திருந்தது. சாக்பீஸை நனைத்துப் புள்ளிகள்மேல் வெள்ளையாகத் தடவிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, திரும்ப மாட்டினார். இந்தத் தடவை ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. அதன் முன்னால் நின்றிருந்தேன், எனக்கே அந்தச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்பேனரை வாங்கிப்போக வந்த பாய், கீழே கிடந்த பழைய செயினை எடுத்துப் படுக்கைவாட்டில் பிடித்து, தொய்கிறதா என்று பார்த்தார்.

"நல்லாத்தான கீது சார். இன்னாத்துக்குக் கழட்டினீங்கோ?"

அப்பா கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் வேலியோரம் போய் நின்றோம். வராந்தா காலியாக இருந்தது. மறுநாளும் அப்படித்தான். எந்நேரத்துக்கு வருவோம் என்று அம்மாவிடம் சொல்லிவிடச் சொல்லி அத்தையைக் கெஞ்சினேன். சொல்கிறேன் என்பாள், திரும்பி வந்து மறந்துபோச்சு என்பாள். பால்காரர் ஒரு நாள் ஊற்றாமல் விட்ட அரைப்படியைக்கூட மறக்காத அத்தை இதைமட்டும் தினமும் மறந்தாள். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பால்பவுடர் டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு எடுத்துப்போய், ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கை வலிக்கும்வரை குலுக்கினேன். அப்பா தடுக்கவில்லை. யாரும் வெளியே வரவில்லை.

"இது வேற சத்தம் பாப்பா," என்றார் அப்பா, முன்னால் ரோட்டைப் பார்த்தபடி. "அம்மாவுக்கு நம்ம வண்டிச் சத்தம் தெரியும். இது அது இல்லன்னு கண்டுபிடிச்சிருப்பா."

நம்பினேன். அப்படியானால் அந்தச் சத்தத்தைக் கெடுத்தவர் அவர்தானே என்று அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அத்தையை விட்டால் வீட்டில் மிச்சமிருந்த ஒரே பேச்சுத்துணை அவர்தான், அவரோடும் பேச்சில்லை. சாயங்காலங்களில் வண்டி சத்தமில்லாமல் கேட்டுக்கு முன்னால் வந்து நின்று என்னைத் திடுக்கிட வைக்கும். பேசாமல் ஏறிக்கொள்வேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று பல நாளைக்குப் பிறகு அப்பாவிடம் வாயைத் திறந்தேன்.

"நீங்க செயினை மாத்தாம இருந்திருந்தா அம்மா என்னைப் பாத்திருப்பாங்க."

"ஆமாம்மா," என்றார். "அப்பா செஞ்சது தப்புதான்."

அதன்பிறகு வெகுகாலம் அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ பேச்சில் சொன்னாள். அப்பா தனியாக உள்ளே போய்வந்த அந்த வெள்ளிக்கிழமையே டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், இனி அம்மாவால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது என்று. வண்டிச் சத்தம் கேட்டும் அம்மா வரவில்லை என்றால் பிள்ளை என்ன நினைக்கும் என்பதையே அப்பா அன்று ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

அம்மா வரவில்லையே என்று அம்மாமேல் நான் ஒருநாள்கூடக் கோபப்பட்டதில்லை. அவள் மோசமாகிவிட்டாள் என்று பயந்ததுமில்லை. அப்பாமேல்தான் கோபமாக இருந்தேன். அது அப்படியே இருக்கட்டும் என்று அவர் விட்டிருந்தார்.