மாமரத்தின் பட்டினி

எங்கள் கடலூர் வீட்டுக் கொல்லையில் என் மனைவி கொட்டை போட்டு வளர்த்த மாமரம் ஒன்று இருக்கிறது. மாடியைத் தாண்டி வளர்ந்தும் அது பூத்ததே இல்லை. காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஒருவர் வெட்ட வர வேண்டும், இன்னொருவர் தடுத்துக் கெஞ்ச வேண்டும். கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று மனைவியின் தம்பி கத்தியோடு வந்தார். கெஞ்சுவது என் வேலை.

"காய்க்காத மரம் எதுக்கு மாமா? வெட்டிட்டா என்னா?"

"வேணாம் மச்சான், இந்த வருசம் காய்ச்சிடும். வுட்டுடு."

மச்சானுக்கு எதிலும் அளவு தெரியாது. பேருக்கு நாலு கொத்து கொத்தியிருந்தால் போதும். அவரோ அடிமரத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பட்டையையே உரித்துவிட்டார்.

தையில் மரம் இலை தெரியாமல் பூத்தது. மாசியில் கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் மற்ற மரங்களையும் மிரட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிதம்பரத்தில் விவசாயம் படிக்கும் எங்கள் மகள் அந்த வாரம் பஸ் பிடித்து வந்தாள். நாங்கள் பிஞ்சுகளைக் காட்டினோம். அவள் அடிமரத்தைப் பார்த்தாள்.

"ஐயோப்பா, இது செத்துக்கினு இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பச்சையாய் நிற்கும் மரமா சாகும்? அவள் சொல்லச் சொல்ல, கோபம் போய் உடம்பு சிலிர்த்தது. வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியே ஏறுகிறது. அதை மேலே இழுப்பது இலை. இலை சமைக்கும் சாப்பாடு, பட்டையின் உட்பக்கத்து மெல்லிய தோல் வழியே வேருக்கு இறங்குகிறது. அந்த இறங்கும் வழியைத்தான் மச்சான் உரித்துவிட்டார். சாப்பாடெல்லாம் மேலேயே தேங்கிப் பிஞ்சாகியிருந்தது. வேரோ இருந்த சேமிப்பைத் தின்றுகொண்டு, பட்டினியோடு தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருந்தது. எங்கள் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் தெருவையே எழுப்பும். மரத்தில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. தினம் பல் தேய்த்தபடி பார்த்து நின்ற மரத்துக்குள் இப்படி ஒன்று நடக்கிறதா என்று மறுபடியும் காதை வைத்தேன்.

"பாலம் கட்டிப் பாக்கலாம்பா," என்றாள் மகள். அதே மரத்துக் குச்சிகளைச் சீவி, காயத்துக்கு மேலும் கீழுமாகப் பட்டைக்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினாள். குச்சியின் நுனி மேலேதான் இருக்க வேண்டுமாம். தலைகீழாக வைத்தால் பிடிக்காதாம். மரத்தின் பாரம் குறையப் பிஞ்சுகளையும் பறித்துவிடச் சொன்னாள். யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் என் மனைவிதான் முதல் பிஞ்சைக் கிள்ளினாள். மச்சான் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டார்.

ஐப்பசி மழையில் மரம் செந்தளிர் விட்டது. நாடாவை அவிழ்த்தபோது குச்சிகள் மரத்தோடு மரமாய் ஒட்டி, பருத்திருந்தன. அவற்றுக்குள் சாப்பாடு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த தையில் ஒரு பூகூட இல்லை. "என்னாக்கா, மரம் இந்த வருசம் ஏமாத்திடுச்சா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"வேருக்கு இப்பதான் சோறு போவுது," என்றாள் என் மனைவி. "மொதல்ல அது சாப்புடட்டும்."