அவளுக்கு மட்டும் ஒரு கல்

உலகத்தில் பொறாமைப்பட எத்தனையோ இருக்க, நான் போயும் போயும் ஒரு ரோட்டுக்காகப் பொறாமைப்பட்டேன். 1991-ஆம் வருஷம் அது. எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டில் இருந்த சித்தப்பா மகளுக்கும் எட்டுதான்.

பெங்களூர் ரோட்டோரம் இருக்கும் பென்னலூருக்குப் பின்னால் எங்கள் ஊர். மணல் பூமி. நெல் முகம் சுளிக்கும், சவுக்கு மட்டும் ஜம்மென்று வளரும். கன்று வைத்து, குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஐந்தாறு வருஷம் காத்திருந்து வெட்டுவார்கள். மெட்ராஸ் அடுப்புகளுக்கு விறகும் கட்டடங்களுக்குச் சாரக்கம்பும் எங்கள் ஊரிலிருந்துதான் லாரியில் போயின. வெட்டிய இடத்தில் மழை வந்ததும் மறுபடி கன்று. ஊரின் சரித்திரம் அவ்வளவுதான். பூகோளம் அதைவிடச் சுருக்கம்: எந்தப் பக்கம் திரும்பினாலும் சவுக்கு.

அந்த வருஷம் சித்தப்பாவின் தோப்பை வெட்டினார்கள். கடைசி மரம் சாய்ந்ததும் அவர்கள் வீட்டுப் புழக்கடையிலிருந்து பெங்களூர் ரோடு பளிச்சென்று தெரிந்தது. பஸ்ஸும் லாரியும் பொம்மை மாதிரி போயின. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தோப்பு இன்னும் நின்றுகொண்டிருந்தது, சனியன்.

"எங்க வூட்லேர்ந்து வேலூர் பஸ்ஸே தெரியுது. உங்க வூட்ல இன்னா தெரியும்?" என்று கேட்டாள் அவள்.

ஊர் விறகெல்லாம் என் வயிற்றில்தான் எரிந்தது. அப்பாவிடம் போய் நம் தோப்பையும் வெட்டச் சொன்னேன். "இன்னும் ரெண்டு மழை பாக்கணும்மா" என்றார். எனக்கென்று வரும்போதுதான் எல்லாரும் மழை பார்ப்பார்கள்.

மழை வந்தது. நாங்கள் எங்கள் இன்னொரு துண்டு நிலத்துக்குக் குடம் சுமந்தோம். சித்தப்பா கன்றே வைக்கவில்லை. அவள் இடுப்பில் குடம் ஏறாமல் திரிந்தாள். போதாக்குறைக்கு யாரோ நாலு பேர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, சித்தப்பா நிலத்தின் மூலைகளில் சுண்ணாம்பு பூசிய கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். அவள் உடனே ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இது என் கல்லு. நீ ஒக்காரக் கூடாது."

ஆடியில் கூழ் ஊற்றிய அன்று சொந்தமெல்லாம் சித்தப்பா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தது. இதுதான் சமயம் என்று நான் எல்லார் முன்னாலும் கேட்டேன். "அப்பா, நம்ம நெலத்துலயும் அந்த மாதிரி கல்லு நடச் சொல்லுப்பா."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "புள்ள வாய்ல இன்னா வார்த்தை வருது பாரு" என்று சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மெட்ராஸில் காஸ் அடுப்பு வந்து விறகு விலை போகாமல், அவர் நிலத்தை யாருக்கோ விற்றுவிட்டதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கல்லுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்றுதான் நினைத்தேன்.

தை பிறந்ததும் அவர்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள். விறகு ஏற்றிய அதே லாரியில் பீரோவும் அண்டாவும் ஏறின. மூட்டைகளின் உச்சியில் மகாராணி மாதிரி அவள். லாரிச் சவாரியும் அவளுக்குத்தான். கொடுத்து வைத்தவள். அவள் கை காட்டினாள். நான் காட்டவில்லை.

நேராக அவர்கள் நிலத்துக்கு ஓடி, அவள் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தேன். திரும்பி வந்தாலும் இதை விட்டுக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். தூரத்தில் லாரி ரோட்டில் ஏறியது.

அப்பா பின்னாலேயே வந்து நின்றார். "எறங்கும்மா. அது நம்ம கல்லு இல்ல."

"அவதான் போய்ட்டாளே. இனிமே யாருது?"

லாரி மறைந்த பிறகும் அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பாவம், அவருக்கும் லாரியில் போக ஆசை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கல்லில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டேன்.